படிகத்தின் தூய்மை

மயில்துத்தக் கரைசலில் தூசி விழுந்தால் நாம் வளர்க்கும் படிகம் உருக்குலைந்துவிடுகிறது. இத்தகைய சிறு குறை அறிஞர்களையும் ஏமாற்றியதுண்டு.

குளிரூட்டியதும் மின்தடையை முற்றிலும் இழக்கும் பொருளை மீக்கடத்தி என்கிறோம். 2019-இல் அமெரிக்க அறிஞர் அறிவித்த யுரேனியம் டைடெல்லூரைடு அவற்றுள் விந்தையானது. பிற மீக்கடத்திகளைக் கெடுக்கும் வலிய காந்தப்புலத்தையும் அது தாங்குகிறது.

அதில் ஒரு யுரேனிய அணுவுக்கு இரண்டு டெல்லூரிய அணுக்கள் அமைய வேண்டும். யுரேனியம் சில விழுக்காடு குறைந்தாலே மீக்கடத்தல் மறைகிறது. முதற் படிகங்கள் 1.6 கெல்வின் என்னும் கடுங்குளிரில் மீக்கடத்தின. சிலவற்றில் அடுத்தடுத்து இரு மாற்றங்கள் தெரியவே, அது பொருளின் இயல்பென்று கருதினர். 2022-இல் ஜப்பானில் உருகிய உப்பில் வளர்த்த தூய படிகங்களோ 2.1 கெல்வினிலேயே மீக்கடத்தின, மாற்றமும் ஒன்றே! மற்றது படிகக் குறையால் வந்தது.

ஆகவே தோழியரே, விந்தையான விடை வந்தால் முதலில் நம் கிண்ணத்தைச் சோதிப்போம்!