பெயின்ட் ஏறக் கூடாத இடங்கள்

காரின் இரும்பு ரிம்மில் துரு தெரிந்தால், ஸ்பிரே டப்பா வாங்கி மேலேயே அடித்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். சில மாதங்களில் அந்தப் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பிவிடும். இரும்பு துருவாக மாறும்போது பருமன் பெருகுகிறது. அடியில் வளரும் துரு மேல்பூச்சைத் தூக்கி எறிகிறது. கம்பி பிரஷ்ஷாலோ உப்புத்தாளாலோ துருவைச் சுரண்டிவிட்டுத்தான் பிரைமர் அடிக்க வேண்டும். குழிகளில் தங்கும் மிச்சத்தைப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த திரவம் இரும்பு பாஸ்பேட்டாக மாற்றிவிடும். கையுறை கட்டாயம்.

அதற்கெல்லாம் முன்னால் டயரைக் கழற்றியாக வேண்டும். டயரோடு இருக்கும் ரிம்மில் வெல்டிங் வைப்பதும் தீ காட்டுவதும் ஆளையே கொன்றுவிடும். சூட்டில் உள்ளே ரப்பர் சிதைந்து எரியும் வாயுக்கள் கிளம்பும். அவை பற்றினால் டயர் வெடிக்கும். காற்றை இறக்கிவிட்டாலும் இந்த ஆபத்து போகாது.

பட்டறையில் கொடுத்துச் சுத்தம் செய்கிறவர்கள், எதை வீசி அடிக்கிறார்கள் என்று கேளுங்கள். சாதாரண மணல் என்றால் வேண்டாம். மணல் நொறுங்கிப் பறக்கும் நுண்ணிய சிலிக்கா தூசு நுரையீரலில் தழும்பேற்றும். சிலிகோசிஸ் என்ற அந்த நோய்க்குக் குணம் கிடையாது. வார்ப்புகளை மணல் வீசிச் சுத்தம் செய்வதைப் பிரிட்டன் 1949-லேயே விதி போட்டுத் தடுத்தது. நம் ரிம் பளபளக்க இன்னொருவர் மூச்சு போகக் கூடாது.

இரண்டு டப்பாக்களைக் கலந்து அடிக்கும் பாலியூரிதேன் பெயின்ட்டை வீட்டில் தொடவே வேண்டாம். அதன் ஹார்ட்னரில் உள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவை வரவழைக்கும். துணி மாஸ்க் அதைத் தடுக்காது. ஒற்றை டப்பா எனாமலே போதும், அதுவும் காற்றோட்டமான இடத்தில்.

பலரும் கோட்டை விடுவது கடைசியில்தான். நட்டை முறுக்கும்போது, அது ஏறும் போல்ட்டான ஸ்டட் நூலிழை அளவு நீள்கிறது. அந்த இழுவிசைதான் ரிம்மை ஹப்போடு இறுக்கிப் பிடிக்கிறது. நட் உட்காரும் குழியிலும் ஹப்பைத் தொடும் முகத்திலும் பெயின்ட் தடித்திருந்தால், ஓட ஓட அது நசுங்கி மெலியும், இழுவிசை குறையும், நட் தளரும். ஆகவே அந்த இரண்டு இடங்களையும் டேப் ஒட்டி மறைத்துவிட்டு அடியுங்கள். பெயின்ட் நன்றாக இறுகிய பிறகு மாட்டி, கார் கையேடு சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் ஒவ்வொரு நட்டையும் மறுபடி சோதித்துவிடுங்கள்.