உங்களுக்குத் தெரியுமா? சைனாடவுன் பலகையில் ஒரு நிஜப் போர்

சிங்கப்பூர் சைனாடவுனில், மாரியம்மன் கோயிலிலிருந்து சில நிமிட நடையில் பெரியவர்கள் ஆடும் சீனச் சதுரங்கம் வெறும் கற்பனைப் போரல்ல. பலகையின் நடுவே ஓடும் ‘ஆறு’, கி.மு. 206-202இல் சீனாவில் மோதிய சூ, ஹான் படைகளின் எல்லையைக் குறிக்கிறது. தோற்ற சூ தலைவர் சியாங் யூ தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வென்ற ஹான் தலைவர் லியூ பாங் பேரரசரானார். ஆட்டத்தின் சில விதிகள்:

• யானை ஆற்றைத் தாண்டாது.

• சிப்பாய் தாண்டலாம், தாண்டியபின் பக்கவாட்டிலும் நகரலாம். பின்வாங்க மட்டும் வழியில்லை.

• இடையே ஒரு காய் நின்றால்தான் பீரங்கி அதைத் தாண்டிப் பாய்ந்து எதிரியை வெட்டும். அபாரமான விதி!

• தளபதி அரண்மனைக் கட்டத்தைவிட்டு வெளியேற முடியாது.