செய்யப் போவது யாரோ?

கடையநல்லூருக்கு ஒரு கல்யாணத்துக்காகப் போயிருந்தேன். மேற்கே நீலநிற மலை. ஊரைச் சுற்றி வயலும் தோப்பும். ஊருக்குள்ளே கடைத் தெருவும் ஜன நெருக்கடியும். முகூர்த்தம் முடிந்து, பந்தியும் முடிந்து, பொதிகை ரயிலுக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. என் செல்போன் கண்ணாடியில் கீறல் விழுந்திருந்தது. ஒரு டெம்பர் கிளாஸாவது ஒட்டிக் கொள்ளலாமே என்று கடைத் தெருவில் ஒரு செல்போன் கடைக்குள் நுழைந்தேன்.

கடைக்குள்ளே பலத்த தர்க்கம் நடந்து கொண்டிருந்தது. கல்லூரி மாணவர்கள் நால்வர். அடுத்து வரப் போகிற உயர்ந்த ரகப் போனை எந்தக் கம்பெனி செய்யப் போகிறது என்பதுதான் விவாதம். "பாக்ஸ்கான்தான், வேறு யார்?" என்றான் ஒருவன். "இந்தத் தடவை டாட்டா, எழுதி வைத்துக்கொள்" என்றான் மற்றவன். "எல்லாம் சைனாவில் செய்வது. இங்கே பெட்டியில் போட்டு மூடுவதோடு சரி" என்று அடித்துப் பேசினான் மூன்றாமவன். நாலாமவனுக்கு இரண்டு பக்கமும் நியாயமாகவே பட்டது. கடைக்கார அண்ணாச்சி கண்ணாடியைத் துடைத்தபடி எல்லாருக்கும் தலையை ஆட்டிக் கொண்டிருந்தார். வியாபாரி அல்லவா!

ரீசார்ஜ் செய்ய வந்து ஓரமாக நின்று கொண்டிருந்த ஓர் அம்மாள் மெதுவாகக் கேட்டார்: "ஏ தம்பி, அது எந்தக் கம்பெனின்னு எப்பத் தெரியும்?"

பையன்கள் திகைத்துப் போனார்கள். "உங்களுக்கு எதுக்கு பெரியம்மா அது?" என்றான் ஒருவன்.

"எம் மவ சுங்குவார்சத்திரத்துல போன் கம்பெனியில இருக்கா. ஆர்டர் அங்கன வந்தா வேலை நிலைக்கும். வேற பக்கம் போயிட்டுன்னா ஆளக் குறைச்சுருவாங்கன்னு சொல்லுதா. அதான் கேட்டேன்" என்றார் அந்த அம்மாள்.

நேயர்களே! உங்கள் வீட்டுப் பிள்ளைகளும், ஏன், உங்கள் வீட்டுக்காரரும்கூட, சாப்பாட்டு நேரத்தில் இதே வாதத்தை நடத்துவது உண்டு. 'நமக்கென்ன வந்தது' என்று நீங்கள் ரசத்தைப் பரிமாறிவிட்டுப் போயிருப்பீர்கள். அந்த அம்மாள் கேட்ட பிறகுதான், இது நம்மைச் சேர்ந்த விஷயம் என்று எனக்கும் புரிந்தது.

முத்திரை ஒருவர், கை ஒருவர்

போனின் முதுகில் இருக்கிற பெயர் ஒன்று. அதைச் செய்கிற கை வேறொன்று. கேட்பதற்கு விசித்திரமாக இருக்கிறதா? கடையநல்லூரில் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்களைக் கேளுங்கள். இதில் புதுமை ஒன்றும் இல்லை என்பார்கள். நூல் கொடுப்பவர் ஒருவர். நெய்கிறவர் ஒருவர். கடைசியில் முத்திரை குத்தி விற்கிற ஜவுளிக் கடைக்காரர் ஒருவர். புடவை கட்டுகிற நமக்குக் கடையின் பெயர்தான் தெரியும். நெய்தவர் பெயர் தெரியாது. செல்போன் வியாபாரமும் இதே கூலி நெசவுதான்.

கூகுள் கம்பெனியை எடுத்துக் கொள்ளுங்கள். 2010ஆம் ஆண்டு ஜனவரியில் 'நெக்ஸஸ் ஒன்' என்று ஒரு போனை வெளியிட்டது. செய்தது தைவானைச் சேர்ந்த எச்.டி.சி. அதே வருஷக் கடைசியில் வந்த அடுத்த நெக்ஸஸைச் செய்தது கொரியாவின் சாம்சங். 2012லும் 2013லும் எல்.ஜி., 2014ல் மோட்டரோலா, 2015ல் எல்.ஜி.யும் சைனாவின் ஹுவாவேயும் ஆக இரண்டு பேர். மாப்பிள்ளை பார்ப்பது போல 'இந்த வருஷம் யாரோ, இந்த வருஷம் யாரோ' என்று உலகமே ஆரூடம் சொல்லிக் கொண்டிருந்தது.

மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த நம் சுந்தர் பிச்சை 2015ல் கூகுளின் தலைமை நிர்வாகி ஆனார். மறு வருஷம் 'பிக்ஸல்' என்ற புதுப் பெயரில் போன் வந்தது. 'இது கூகுளே செய்தது' என்று விளம்பரமும் வந்தது. ஆனால் உள்ளே இருந்த கை பழைய எச்.டி.சி.யின் கைதான்! சமையல்காரரை வைத்து விருந்து சமைத்துவிட்டு, 'எல்லாம் என் கைப்பக்குவம்' என்று சொல்லுகிற வீட்டுக்காரியம்மாளை நீங்கள் பார்த்ததில்லையா? ஆனால் கூகுள் அதோடு நிற்கவில்லை. 2017ல் எச்.டி.சி.யில் போன் செய்கிற சுமார் 2,000 பேரை 110 கோடி டாலர் கொடுத்துத் தன் பக்கம் சேர்த்துக் கொள்ள ஒப்பந்தம் செய்தது. சமையல்காரரையே ஸ்வீகாரம் எடுத்துக் கொண்ட கதை!

ஆரூடம் சொல்வது எப்படி?

கம்பெனிகள் வாயைத் திறப்பதில்லை. பிறகு எப்படித் தெரிகிறது என்று கேட்பீர்கள். அடுத்த வீட்டில் கல்யாணம் நிச்சயமானதை நாம் எப்படிக் கண்டுபிடிக்கிறோம்? வெள்ளையடிக்க ஆள் வருகிறது. தட்டானுடைய பையன் வந்து போகிறான். அப்படித்தான் இதுவும்.

ஒரு போன் சந்தைக்கு வருமுன் பல நாடுகளில் சர்க்காரிடம் பதிவு செய்தாக வேண்டும். நம் நாட்டில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தில் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவு தொழிற்சாலை வாரியாகவே கொடுக்கப்படுகிறது. அங்கே ஒரு துப்பு. புது இயந்திரங்கள் இறங்குகின்றனவா, பெண்கள் தங்க விடுதி கட்டுகிறார்களா, ஆள் எடுக்கிறார்களா என்பதெல்லாம் மற்றத் துப்புகள். பங்கு மார்க்கெட்காரர்கள் இந்தத் துப்புகளை வைத்துப் பணம் பண்ணுகிறார்கள். மாணவர்கள் பொழுதைப் போக்குகிறார்கள். கடையநல்லூர் அம்மாள் மகளின் சம்பளத்தைக் கணக்குப் பார்க்கிறார்.

அக்காவின் பாவாடை

ஐபோன் விஷயத்துக்கு வருவோம். அமெரிக்காவின் ஆப்பிள் கம்பெனி அதை வடிவமைக்கிறது. சேர்த்து முடிப்பது ஒப்பந்தக் கம்பெனிகள். அவற்றில் பெரியது தைவானின் பாக்ஸ்கான். 1974ல் டெலிவிஷன் பெட்டிக்குத் திருகு குமிழ் செய்து பிழைக்கத் தொடங்கிய கம்பெனி அது!

இந்தியாவில் முதலில் 2017ல் பெங்களூரில் விஸ்ட்ரான் என்ற கம்பெனி ஐபோனைச் சேர்க்கத் தொடங்கியது. பிறகு ஸ்ரீபெரும்புதூரை அடுத்த சுங்குவார்சத்திரத்தில் பாக்ஸ்கான் தொடங்கியது. ஆனால் ஆரம்பத்தில் நமக்குக் கிடைத்ததெல்லாம் அக்கா உடுத்திய பாவாடை. உலகத்தில் 2018ல் வெளியான மாடல் இங்கே 2019ல் தயாரானது. 2019 செப்டம்பரில் வெளியான 11ஆம் நம்பர் போன், 2020 ஜூலையில் இங்கே வந்தது. 13ஆம் நம்பருக்கு ஏழு மாதம் பொறுத்திருந்தோம். 14ஆம் நம்பர் 2022 செப்டம்பரில் வெளியான அதே மாதத்தில் இங்கேயும் தயாராயிற்று. 2024ல், உயர்ந்த ரகமான 'புரோ' மாடலும் இங்கே வந்தது. 2025ல் வெளியான 17ஆம் வரிசை முழுவதையும் ஆரம்பத்திலிருந்தே இந்தியாவிலும் செய்கிறார்கள் என்று செய்தி வந்தது. அக்காவுக்கும் தங்கைக்கும் ஒரே தீபாவளிக்குப் புதுப் பாவாடை!

இப்போது போட்டி நம் ஊர்களுக்குள்ளேயே. சுங்குவார்சத்திரத்தில் பாக்ஸ்கான், ஓசூர்ப் பக்கம் டாட்டா எலக்ட்ரானிக்ஸ், செங்கற்பட்டுக்கு அருகே 2022ல் திறந்த பெகட்ரான். விஸ்ட்ரானின் கோலார்ப் பக்கத்து ஆலையை 2023ல் வாங்கிய டாட்டா, 2025 ஜனவரியில் பெகட்ரானின் இந்தியக் கம்பெனியிலும் 60 சத பங்கைப் பெற்றது. பாக்ஸ்கானும் சும்மா இல்லை. பெங்களூருக்கு அருகே தேவனஹள்ளியில் இன்னொரு பெரிய ஆலையை எழுப்பியிருக்கிறது. ஆக, அந்தப் பையன்களில் முதல்வனும் இரண்டாமவனும் சொன்னது இருவருக்குமே பாதி சரி.

மூன்றாமவன் சொன்னது? அதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. மூளையான சில்லு தைவானிலிருந்து வருகிறது. காமிராவின் கண் ஜப்பான் சோனியுடையது. திரை கொரியா முதலிய இடங்களிலிருந்து. இங்கே அவற்றைப் பொருத்தி, திருகு முடுக்கி, பரிசோதித்து அனுப்புகிறார்கள். அரிசி ஒரு கடை, பருப்பு ஒரு கடை என்பதற்காக 'உன் வீட்டில் சமையலே நடக்கவில்லை' என்று சொல்லலாமோ? ஆனால் மளிகை முழுவதும் வெளியிலிருந்தே வந்தால் லாபத்தில் பெரும் பங்கு மளிகைக்காரருக்குத்தான் போகும் என்பதும் உண்மையே.

மூடிய அடுப்பு

கடையநல்லூர் அம்மாளின் பயம் வீண் பயம் அல்ல. நோக்கியாவை மறந்துவிட்டீர்களா? 2006ல் ஸ்ரீபெரும்புதூரில் அதன் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கிற்று. தென் ஜில்லாக்களிலிருந்தெல்லாம் பெண்கள் போனார்கள். உச்ச காலத்தில் சுமார் 8,000 பேர் நேரடியாக வேலை பார்த்தார்கள். தங்கைக்குக் கல்யாணம் செய்தார்கள். தம்பியைப் படிக்க வைத்தார்கள். ஓட்டு வீட்டைத் தளமாக்கினார்கள்.

பிறகு உலகம் தொடுதிரைப் போனுக்கு மாறியது, நோக்கியா பின்தங்கியது. 2014 ஏப்ரலில் அதன் போன் வியாபாரம் மைக்ரோசாப்ட் கைக்கு மாறியது. வரித் தகராறில் சிக்கியிருந்த இந்தத் தொழிற்சாலை மட்டும் விற்பனையில் சேரவில்லை. ஆர்டர் நின்றது. பல ஆயிரம் பேர் ஒரு தொகை வாங்கிக் கொண்டு வெளியேறினார்கள். 2014 நவம்பர் 1ஆம் தேதி உற்பத்தி அடியோடு நின்றது. எட்டே வருஷம்! பிற்பாடு அந்த இடத்தைச் சார்ஜர் செய்யும் சால்காம்ப் கம்பெனி வாங்கியது. கட்டடத்துக்கு மறுவாழ்வு கிடைத்தது. இருபது வயதில் வேலைக்கு வந்து, இருபத்தெட்டில் வீடு திரும்பிய பெண்ணுக்கு அந்த எட்டு வருஷத்தை யார் திருப்பிக் கொடுப்பது?

'செய்யப் போவது யார்' என்ற கேள்விக்கு மாணவர்கள் வீட்டில் ஒரு அர்த்தம், அந்த அம்மாள் வீட்டில் வேறு அர்த்தம் என்று சொன்னேனே, இதனால்தான்.

இன்னொரு கேள்வியும் கேட்போம்

வேலை வந்தால் மட்டும் போதுமா? 2021 டிசம்பரில், பாக்ஸ்கானில் வேலை செய்த பெண்கள் தங்கியிருந்த ஒரு விடுதியில் சாப்பாடு கெட்டு, 150 பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகளின் கதி தெரியாமல் தவித்த பெண்கள் சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் இரவெல்லாம் உட்கார்ந்தார்கள். அதுவரை அவர்களை யாரும் கவனித்ததில்லை. அன்று உலகமே கவனித்தது. தொழிற்சாலை மூடப்பட்டது. ஆப்பிள் கம்பெனி அதைக் கண்காணிப்பில் வைத்தது. விடுதிகளைச் சீர்செய்யத் தொடங்கி, 2022 ஜனவரி 12ஆம் தேதிதான் மறுபடி கதவு திறந்தது.

நல்லதையும் சொல்ல வேண்டும் அல்லவா? வல்லம் வடகாலில் 706 கோடி ரூபாய்க்குமேல் செலவில் 18,720 பெண்கள் தங்கும் விடுதி கட்டப்பட்டு, 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. நம் ஊர்களில் ஒரு பேரூராட்சியே அவ்வளவு ஜனம்தான் இருக்கும்!

அதே 2024 ஜூனில், அந்தத் தொழிற்சாலையில் மணமான பெண்களை வேலைக்கு எடுக்காமல் ஒதுக்குவதாக ராய்ட்டர் செய்தி நிறுவனம் எழுதியது. கம்பெனி மறுத்தது. மத்திய தொழிலாளர் அமைச்சகம் மாநில சர்க்காரிடம் அறிக்கை கேட்டது. தாலி கட்டியதும் விரல்களின் சுறுசுறுப்பு குறைந்து விடுமா என்ன? பத்துப் பாத்திரமும் தேய்த்து, பிள்ளையையும் பள்ளிக்கு அனுப்பி, நேரம் தவறாமல் எல்லாம் செய்கிற நம்மிடம் அதைச் சொல்லிப் பார்க்கட்டும்!

ஆகையால், அடுத்த தடவை உங்கள் வீட்டில் இந்த வாதம் எழும்பும்போது ரசத்தை வைத்துவிட்டுப் போய்விடாதீர்கள். நீங்களும் உட்கார்ந்து கேளுங்கள். 'யார் செய்யப் போகிறார்கள்? எந்த ஊரில் செய்யப் போகிறார்கள்? வேலை எத்தனை வருஷத்துக்கு? தங்குகிற இடமும் சாப்பாடும் எப்படி? கல்யாணமானவளுக்கும் இடம் உண்டா?' காமிரா எத்தனை மெகாபிக்ஸல் என்பதைப் பிறகு கேட்டுக் கொள்ளலாம்.

அன்று கடையில் என்ன நடந்தது என்று சொல்லவில்லையே! முதல் மாணவன் தன் செல்போனைத் தட்டிப் பார்த்து, "பெரியம்மா, உங்க மக இருக்கிற ஆலைக்கு ஆர்டர் வரும்னுதான் எல்லாரும் எழுதுறாங்க" என்றான். மற்ற மூவரும் ஆச்சரியமாக வாதத்தை நிறுத்திவிட்டு, ஆமாம் ஆமாம் என்றார்கள். டாட்டா பக்கம் பேசியவன்கூட!

"நல்லா இருங்க தம்பி" என்று சொல்லிவிட்டு, அந்த அம்மாள் தம் சிறிய பட்டன் போனை மடியில் முடிந்து கொண்டு வெளியே போனார். அந்தப் போனின் முதுகிலே எழுத்து பாதி அழிந்திருந்தது. நோக்கியா என்றுதான் இருந்தது.