மரத்தண்டின் வழியே இறங்கும் மழை

திருவனந்தபுரம் மாவட்டத்தின் நெடுமங்காடு, காட்டாக்கடை வட்டங்களிலுள்ள ரப்பர்த் தோட்டங்களில், பருவமழைக் காலத்தில் ஒரு தொல்லை உண்டு. மழை ஓய்ந்த பின்னரும் மரத்தண்டின்மீது நீர் வழிந்துகொண்டிருக்கும். அந்நீர் பால் வெட்டிய பள்ளத்தில் புகுந்தால், பால் கோப்பையில் சேராமல் கழுவுண்டு போகும். ஈரம் நீடித்தால் பட்டையைப் பூஞ்சை நோயும் பற்றும். பால்வெட்டுத் தொழிலாளிக்கு அந்நாள் வேலையற்ற நாளாகிறது.

இந்நீரைத் ‘தண்டு வழிநீர்’ எனலாம். மரங்கள் அடர்ந்த இடத்தில் பெய்யும் மழை மூன்றாகப் பிரிகிறது. ஒரு பகுதி இலைகளிலும் கிளைகளிலும் தங்கி ஆவியாகிறது. பெரும்பகுதி இடைவெளிகள் வழியாகவும், இலைகளினின்று சொட்டியும் தரையை அடைகிறது. எஞ்சிய சிறு பகுதி கிளைகளில் ஓடித் தண்டின் வழியே இறங்குகிறது. பெரும்பாலான காடுகளில் இது மொத்த மழையில் நூற்றுக்கு 5 பங்கிற்கும் குறைவே. எனினும் அது சென்று சேரும் இடம் மிகக் குறுகியது.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். ஒரு மரத்தின் தலைப்பரப்பு 40 சதுர மீட்டர். பெய்த மழை 20 மில்லிமீட்டர். எனவே மரத்தின்மீது விழுந்த நீர் 800 லிட்டர். அதில் நூற்றுக்கு 3 பங்கு, அதாவது 24 லிட்டர், தண்டின் வழியே இறங்குவதாகக் கொள்வோம். தண்டின் விட்டம் 36 சென்டிமீட்டராயின், அதன் குறுக்குப் பரப்பு ஏறக்குறைய 0.1 சதுர மீட்டர். அதே அளவு வெட்டவெளியில் விழும் நீர் 2 லிட்டரே. ஆகவே மரத்தினடியில் 12 மடங்கு நீர் சேர்கிறது. இலைகளிலும் பட்டையிலும் படிந்த தூசியையும், பொட்டாசியம் போன்ற உப்புக்களையும் அது கரைத்துக் கொணர்கிறது. வேர்களை ஒட்டி மண்ணின் ஆழத்திற்கும் செல்கிறது.

இவ்வளவு எல்லா மரங்களுக்கும் ஒன்றன்று. வழவழப்பான பட்டையும், மேல்நோக்கிச் சாய்ந்த கிளைகளும் உடைய மரங்களில் நீர் விரைவில் இறங்கும். கமுகின் மட்டைகளும் நீரைத் தண்டிற்குத் திருப்புகின்றன. புளி போன்ற சொரசொரப்பான மரங்களில் முதலில் பட்டை நனைந்து ஊற வேண்டும். சிறு மழையில் ஒரு சொட்டும் அடியை எட்டாமற் போகலாம்.

பள்ளி ஆசிரியர்கள் இதனை எளிதில் அளந்து காட்டலாம். பழைய மிதிவண்டிக் குழாயை நீளவாக்கில் பிளந்து, தண்டைச் சுற்றிச் சாய்வாகக் கட்டி, இடுக்குகளை மெழுகால் அடைத்து, கீழ்முனையை ஒரு மூடிய பாத்திரத்தில் விட வேண்டும். வெட்டவெளியில் ஒரு மழைமானியும் தேவை. கமுகையும் புளியையும் ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும்.

களப்பணியாளர் நினைவிற்கொள்ள வேண்டியவை இரண்டு. திருவனந்தபுரம் நகரின் குடிநீருக்கு ஆதாரமான கரமனை ஆற்றின் நீர்ப்பிடிப்பிலும், பிற காடுகளிலும், சொட்டும் நீரை மட்டும் அளந்தால், தண்டு வழிநீர் முழுவதும் ஆவியாகிப் போனதாகத் தவறாகக் கணக்கில் ஏறும். சரிவான நிலத்தில் மரத்தடியிலுள்ள சருகை வாரி அகற்றினால், உயிரூட்டும் அந்நீரே மண்ணை அரிக்கும்.

ரப்பர்த் தோட்டத்திற்குத் தீர்வு எளியது. பால்வெட்டிற்குச் சற்று மேலே பாலிதீன் தாளைத் தண்டில் ஒட்டிப் பாவாடைபோல் சுற்றினால், வழிநீர் வெட்டில் படாது விலகும். மழைநாளிலும் தொழிலாளிக்கு வேலை கிடைக்கும்.