உலகம் சுற்றும் முன் ஒரு கணக்கு

1922 நவம்பரில் நியூயார்க்கிலிருந்து புறப்பட்ட 'லக்கோனியா' என்ற கப்பல் ஏறத்தாழ நான்கு மாதங்களில் உலகைச் சுற்றித் திரும்பியது. உல்லாசப் பயணிகளுடன் உலகை வலம்வந்த முதல் கப்பலாக அது குறிப்பிடப்படுகிறது. அன்று அது பெருஞ்செல்வர்களின் பொழுதுபோக்கு. இன்று சவுத்தாம்ப்டன், லாஸ் ஏஞ்சலீஸ் போன்ற துறைமுகங்களிலிருந்து, பெரும்பாலும் ஜனவரியில், இத்தகைய கப்பல்கள் ஆண்டுதோறும் புறப்படுகின்றன. அவற்றில் ஓய்வு பெற்ற தம்பதியரே மிகுதி. தொடர்ந்து நூறு நாள்களை வேறு யாரால் ஒதுக்க முடியும்?

என்னுடன் பணியாற்றி ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவரும் அவருடைய மனைவியும் 110 நாள் உலகப் பயணம் ஒன்றைத் திட்டமிட்டு, செலவுக் கணக்கைச் சரிபார்க்கும்படி என்னிடம் தந்தார்கள். அதைப் பார்த்தபோது தெளிவானவை, இதே ஆசை கொண்ட மற்றவர்களுக்கும் பயன்படக்கூடும்.

விளம்பரத்தில் காணப்படும் கட்டணம் செலவின் தொடக்கம் மட்டுமே. சன்னல் இல்லாத உள்ளறைக்கு ஒருவருக்கு ஏறத்தாழ 15,000 முதல் 20,000 டாலரில் கட்டணம் தொடங்குகிறது. உணவும் தங்குமிடமும் அதில் அடங்கும். பல நிறுவனங்கள் பணியாளர்களுக்கான அன்பளிப்பை நாள் கணக்கில் தனியாகச் சேர்க்கின்றன. நாளொன்றுக்கு 17 டாலர் என்று கொண்டால் 110 நாள்களுக்கு இருவருக்கும் 3,740 டாலர். விமானக் கட்டணம், காப்பீடு, விசா, இணைய இணைப்பு, கரையில் ஊர் பார்க்கும் செலவு ஆகியவற்றையும் கூட்டியபோது, 30 லட்சம் ரூபாயில் தொடங்கிய நண்பரின் கணக்கு 40 லட்சத்தில் வந்து நின்றது. வெளிநாட்டுப் பயணத் தொகுப்புக்குப் பணம் கட்டும்போதே வரி ஒன்றும் வசூலிக்கப்படுகிறது. அதை வருமான வரிக் கணக்கில் ஈடுசெய்யலாம், திரும்பவும் பெறலாம். ஆனால், அதுவரை அந்தத் தொகை முடங்கிக் கிடக்கும்.

கணக்கு இத்துடன் முடிந்ததாக நண்பர் எண்ணினார். அவருடைய மனைவி கேட்ட கேள்வியே உண்மையான கணக்கைத் தொடங்கி வைத்தது. "அவருக்குப் பிறகு என் கைக்கு மாதம் எவ்வளவு சார் வரும்?" என்றார்.

ஒரு பொருளின் விலை என்பது அதற்காக நாம் விட்டுக்கொடுக்கும் மற்றொன்று என்று பொருளியல் கூறும். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 8.2 சதவீத வட்டி கிடைக்கிறது என்று கொண்டால், 40 லட்சம் ரூபாய் ஆண்டுக்கு 3.28 லட்சம் ஈட்டித்தரும். அதாவது, மாதம் ஏறத்தாழ 27,300 ரூபாய். இருவரில் பின்னவர் வாழும் காலம்வரை மாதந்தோறும் இத்தொகை குறையும் என்பதே இப்பயணத்தின் மெய்யான விலை.

எடுத்துக்காட்டாக, ஓய்வூதியம் 80,000 ரூபாய் என்றும் சேமிப்பு 60 லட்சம் என்றும் வைத்துக்கொள்வோம். பழைய ஓய்வூதியத் திட்டத்தில் ஓய்வூதியம் கடைசி ஊதியத்தில் 50 சதவீதம். வழக்கமான குடும்ப ஓய்வூதியம் 30 சதவீதம். எனவே, கணவருக்குப் பின் 80,000 ரூபாய் 48,000 ஆகிவிடும். சேமிப்பு முழுமையாக இருந்தால் வட்டி 41,000 ரூபாய். மொத்த வருமானம் 89,000. பயணத்துக்குப் பின் எஞ்சும் 20 லட்சத்துக்கு வட்டி 13,700 ரூபாய்தான், மொத்தம் 61,700. மாதச் செலவுக்கு இது போதலாம். ஆனால், அகவிலைப்படியால் ஓய்வூதியம் உயர்வதுபோல வட்டி உயர்வதில்லை. பெரிய அறுவைச் சிகிச்சை ஒன்று வந்தால் எடுத்துக் கொடுக்க அந்த 20 லட்சத்தைத் தவிர வேறில்லை. பயணம் போகலாமா என்ற வினாவுக்கான விடை, கணவர் இன்று பெறும் ஓய்வூதியத்தில் இல்லை. மனைவி நாளை தனித்து நடத்தவேண்டிய குடும்பத்தின் வரவில் இருக்கிறது.

அடுத்தது ஆவணங்கள். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு இது எளிதன்று. ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதங்களுக்கு முன்பாக விண்ணப்பிக்க இயலாது. கப்பல் ஏறிவிட்டாலோ, கடவுச்சீட்டைத் தூதரகத்தில் கொடுத்துக் காத்திருக்க வழியில்லை. ஏப்ரலில் ஐரோப்பாவை அடைந்து ஜனவரியில் கப்பல் ஏறுவோருக்கு, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களே கிடைக்கின்றன. அதே கடவுச்சீட்டு மற்ற நாடுகளின் விசாவுக்கும் போய்வர வேண்டும். ஆகவே, நேர்காணலுக்கு நெடுநாள் காத்திருக்க நேரும் அமெரிக்க விசாவை முதலில் பெற்றுவிடுவது நல்லது.

உடல்நலம் குறித்த ஏற்பாடு இன்னும் கவனம் கோருவது. உள்நாட்டு மருத்துவக் காப்பீடு பொதுவாக வெளிநாட்டில் செல்லாது. பயணக் காப்பீடு எடுத்தாலும், முன்பே உள்ள நோய்களுக்குப் பெரும்பாலும் விலக்கு உண்டு. நீரிழிவையும் இதய நோயையும் மறைக்காமல் தெரிவித்து, எதற்குப் பணம் கிடைக்கும் என்பதை எழுத்தில் பெற வேண்டும். பிரேசில், கென்யா போன்ற நாடுகளுக்குச் சென்று இந்தியா திரும்புவோர் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று வைத்திருக்க வேண்டும். 60 வயதைக் கடந்தவர்களுக்கு இத்தடுப்பூசியால் கடும் பக்கவிளைவு ஏற்படும் வாய்ப்பு சற்று அதிகம் என்பதால், மருத்துவரின் ஆலோசனை அவசியம். 2020 பிப்ரவரியில் யோகோஹாமாவில் 'டயமண்ட் பிரின்சஸ்' கப்பல் தனிமைப்படுத்தப்பட்டபோது அதில் 3,711 பேர் இருந்தனர். 712 பேருக்குக் கரோனா தொற்றியது. குறித்த நாளில் திரும்ப முடியாமலும் போகலாம் என்பதால், மூன்று வார மருந்தைக் கூடுதலாக எடுத்துச் செல்வதே விவேகம்.

வீட்டை விட்டுச் செல்வதிலும் சில நுணுக்கங்கள் உண்டு. நவம்பரில் உயிர்வாழ் சான்றிதழ் தர வேண்டியவர்கள் அதை முடித்துவிட்டே கிளம்ப வேண்டும். நடுக்கடலில் கைப்பேசிக்கு வங்கியின் ஒருமுறைக் கடவுச்சொல் வராது. எனவே, மின்கட்டணம் முதலியவற்றுக்குத் தானியங்கு ஏற்பாடு தேவை. வாரிசு நியமனங்களைச் சரிபார்த்து, இரு சாட்சிகளுடன் உயில் எழுதிவைப்பது அபசகுனமன்று, கடமை. கப்பல் உறுதியாகக் கிளம்பும் முன்பு வீட்டை வாடகைக்கு விட்டுவிடக் கூடாது. மூன்றாண்டு உலகப் பயணமாக அறிவிக்கப்பட்ட திட்டம் ஒன்று, 2023 நவம்பரில் புறப்படவேண்டிய வேளையில் கைவிடப்பட்டது. வீட்டையே விற்றுவிட்டுக் காத்திருந்தவர்களும் அதில் இருந்தனர்.

இத்தனையும் சொல்வதால் பயணமே வேண்டாம் என்பது என் கருத்தன்று. உழைக்கும் காலத்தில் சேமித்து ஓய்வுக் காலத்தில் செலவிடுவதே மனித இயல்பு என்ற வாழ்க்கைச் சுழற்சிக் கோட்பாட்டை வகுத்த பிராங்கோ மோடிக்லியானி 1985-இல் நோபல் பரிசு பெற்றார். நம் நடுத்தரக் குடும்பங்களில் பலர் அந்த இரண்டாம் பாதியை வாழ்வதே இல்லை. பிள்ளைகள் கேட்காமலேயே, அவர்களுக்கென்று அனைத்தையும் பூட்டி வைக்கிறோம். பணத்தைச் சேர்த்து வைக்கலாம். 65 வயதில் கப்பலின் படியேறும் கால்களை 75 வயதுக்கென்று சேர்த்து வைக்க இயலாது.

நண்பரும் அவருடைய மனைவியும் ஒரு நடுவழியைத் தேர்ந்தார்கள். உலகப் பயணங்களைக் கப்பல் நிறுவனங்கள் பகுதி பகுதியாகவும் விற்கின்றன. சிங்கப்பூரில் ஏறிச் சவுத்தாம்ப்டனில் இறங்கும் பகுதிக்குச் செலவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அமெரிக்க விசாவும் வேண்டியதில்லை. எஞ்சிய தொகை மனைவியின் பெயரில் வைப்பாக இருக்கும்.

இத்தகைய பயணத்துக்கு ஆயத்தமாகும் தம்பதியர் முதலில் இருவருமாக அமர்ந்து, இவர்களில் ஒருவர் மட்டும் எஞ்சும் காலத்தின் வரவு–செலவை ஒரு தாளில் எழுத வேண்டும். அந்தத் தாளில் பற்றாக்குறை இல்லையென்றால், பிள்ளைகள் என்ன நினைப்பார்கள், ஊர் என்ன சொல்லும் என்று தயங்காமல் கப்பலேறலாம்.