மங்கியது கண்ணா, பெட்டியா?

"கண்ணு மறுபடியும் மங்கிப்போச்சு தம்பி" என்று என் தாயார் ஒருநாள் மாலை சொன்னபோது திடுக்கிட்டுப் போனேன். கண்புரை அறுவை செய்துகொண்டு ஆறு மாதமே ஆகியிருந்தது. மறுநாளே மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் சோதித்துப் பார்த்துவிட்டு, கண்ணில் குறையொன்றும் இல்லை என்றார்.

பின், மங்கல் எங்கே? வீட்டுக்கு வந்து விசாரித்தபோதுதான் விளங்கிற்று. செய்தியின்போது திரையின் அடியில் ஓடும் எழுத்துகளை அம்மாவால் படிக்க முடியவில்லை. குறை, நாங்கள் புதிதாக வாங்கி மாட்டியிருந்த 43 அங்குலத் தொலைக்காட்சிப் பெட்டியில் தெரிந்த படத்தில்தான் இருந்தது.

விற்ற கடையில் கேட்டோம். இதைவிட விலை கூடிய பெட்டியைத் தவணையில் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். தவணையோடு வட்டியும் வரும் என்பதால் தயங்கினோம். அந்தத் தயக்கமே எங்களுக்கு நன்மையாயிற்று.

அன்று மாடியில், இன்று கூடத்தில்

1975 ஆகஸ்ட் 15-இல் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது. அதன் பின்னர் ஆவடி, அம்பத்தூர், பூவிருந்தவல்லி வட்டாரத்து மாடிகளில் கடற்கரைத் திக்கை நோக்கி ஆன்டெனாக்கள் முளைத்தன. ஒருவர் மேலே நின்று குழாயைத் திருப்புவார், "தெரியுதா?" என்பார். கீழிருந்து "இன்னும் கொஞ்சம்" என்று குரல் எழும். உருவத்தின் வலப்புறத்தில் நிழல்போல் இன்னோர் உருவம் தெரிவதுண்டு. கட்டடங்களில் மோதித் திரும்பும் அலை, நேராக வரும் அலையைவிடச் சற்றுத் தாமதமாக வந்து சேர்வதே அதற்குக் காரணம்.

இன்று கேபிள் வழியாகவோ டிஷ் வழியாகவோ செட்டாப் பாக்ஸுக்கு வரும் டிஜிட்டல் ஒளிபரப்பில் அந்த நிழல் இல்லை. அலை குறைந்தால் படம் கட்டம் கட்டமாக உடையும், அல்லது உறைந்து நிற்கும். ஆனால், அன்று மாடியில் பட்ட சிரமத்தில் கால் பங்கையாவது இன்று கூடத்தில் படவேண்டும்.

முதலில் கம்பியைப் பாருங்கள்

எங்கள் வீட்டில் பழைய பெட்டியிலிருந்த மஞ்சள், சிவப்பு, வெள்ளைக் கம்பிகளையே புதியதிலும் செருகியிருந்தோம். சிவப்பும் வெள்ளையும் ஒலிக்கு. மஞ்சள் ஒன்றே படத்துக்கு. ஒளியையும் நிறத்தையும் ஒன்றாகக் கலந்து அந்த ஒற்றைக் கம்பி அனுப்புவதால் எழுத்தின் விளிம்புகள் கலங்குகின்றன. செட்டாப் பாக்ஸின் பின்புறம் எச்.டி.எம்.ஐ. துளை சும்மா கிடந்தது. சில நூறு ரூபாய்க்கு அதற்குரிய கம்பியை வாங்கிச் செருகி, பாக்ஸின் மெனுவில் 1080 என்ற அளவைத் தேர்ந்தெடுத்தோம். பாதிக் குறை அப்போதே தீர்ந்தது.

அடுத்தது அலைவரிசை. சாதாரண அலைவரிசையின் படம் ஏறத்தாழ 4 லட்சத்து 15 ஆயிரம் புள்ளிகளால் ஆனது. '4கே' பெட்டியின் திரையிலோ ஏறத்தாழ 83 லட்சம் புள்ளிகள். ஆக, ஒரு புள்ளியைக் கொண்டு இருபது புள்ளிகளை நிரப்பவேண்டிய நிலை பெட்டிக்கு. இல்லாத நுட்பத்தை அது எங்கிருந்து கொண்டு வரும்? அதே அலைவரிசை எச்.டி.யிலும் கிடைக்குமானால், அந்த எண்ணில் பாருங்கள்.

கடைக்கு ஏற்றது வீட்டுக்கு ஆகாது

கடையின் பளீர் விளக்குகளுக்கிடையே கண்ணைப் பறிப்பதற்காக அமைந்தது 'விவிட்' என்னும் நிலை. வீட்டுக்கு 'சினிமா' அல்லது 'மூவி' நிலையே ஏற்றது. முதல் இரண்டு நாள் படம் மஞ்சள் பூத்ததுபோல் தோன்றும். பிறகு கண் பழகிவிடும்.

'ஷார்ப்னஸ்' என்பதைக் கூட்டினால் படம் தெளியும் என்று பலரும் நம்புகின்றனர். நானும் நம்பினேன். அது நுட்பத்தைக் கூட்டுவதில்லை. விளிம்புகளைச் சுற்றி வெள்ளைக் கோடு இழுக்கிறது. அக்கோடு மறையும்வரை குறைத்துவிடுங்கள்.

பெரும்பாலான பெட்டிகளில் 'பிரைட்னஸ்' கறுப்பையும், 'கான்ட்ராஸ்ட்' வெள்ளையையும் ஆளுகின்றன. இவற்றைச் சரிபார்க்க, ஹஜ் நாள்களில் மக்காவிலிருந்து வரும் நேரடி ஒளிபரப்பைவிடப் பொருத்தமான காட்சி வேறில்லை. இஹ்ராம் துணியின் மடிப்புகள் வெறும் வெண்மையாகிவிட்டால் 'கான்ட்ராஸ்ட்' அதிகம். கஃபாவின் கறுப்புத் திரையில் மடிப்பே தெரியாவிட்டால் 'பிரைட்னஸ்' குறைவு. அது சாம்பல் பூத்தால் அதிகம்.

அமரும் இடம்

சன்னலுக்கு நேர் எதிரே பெட்டியை வைத்தால், பகலில் திரையில் சன்னலைத்தான் பார்ப்போம். சன்னல் பக்கவாட்டில் இருக்கட்டும். 43 அங்குலத் திரையின் உயரம் சுமார் 21 அங்குலம். எச்.டி. படத்துக்கு அதைப்போல் மூன்று மடங்கு, அதாவது ஐந்தேகால் அடி தொலைவு போதும். சாதாரணப் படத்துக்கு ஆறு மடங்கு, பத்தரை அடி வேண்டும். நம் புறநகர் வீடுகளின் கூடமே பல இடங்களில் பத்தடிதான். ஆகவே, சிறிய கூடத்துக்குப் பெரிய பெட்டி வாங்குவது குறையைப் பெரிதாக்கிக் காட்டவே உதவும்.

முதியவர்கள் "தெரியவில்லை" என்றால், முதலில் கண்ணைச் சோதியுங்கள். அதில் அலட்சியம் கூடாது. கண்ணில் குறையில்லையெனில் கம்பியையும், அலைவரிசையையும், அமைப்பையும், அறையையும் பாருங்கள். புதுப்பெட்டி என்ற எண்ணம் கடைசியாக வரட்டும்.

அந்த ஆண்டு ஹஜ்ஜின்போது கஃபாவை அருகில் காட்டினார்கள். கறுப்புப் பட்டில் கறுப்பாகவே நெய்யப்பட்ட எழுத்துகளை அம்மா சற்று நேரம் உற்று நோக்கினார். "திரையிலே எழுத்து தெரியுது தம்பி" என்றார். அதன்பின் கண்ணைப் பற்றி அவர் முறையிடவே இல்லை.