கோட்டில் சேராத புள்ளி

பவானிசாகர் அணையின் முழு நீர்மட்டம் 105 அடி, கொள்ளளவு 32.8 டிஎம்சி. நாளிதழைப் பிரித்ததும் எங்கள் பவானி வட்டார உழவர்கள் தேடுவது அன்றைய நீர்மட்டத்தைத்தான். ஆனால், 52 அடி என்றால் அணை பாதி நிரம்பியிருக்கிறது என்று கொள்வது தவறு. நீர்த்தேக்கம் கீழே குறுகியும் மேலே விரிந்தும் கிடப்பதால், பாதி உயரத்தில் நிற்கும் நீர் கொள்ளளவில் பாதியைவிட மிகக் குறைவு. பத்து வாக்கியங்களில் விளக்க வேண்டிய இதை ஒரு வளைகோடு நொடியில் காட்டிவிடும்.

அத்தகைய வரைபடத்தை வரையவும், அதை விளக்கி ஒரு பக்கம் எழுதவும் பொறியியல் மாணவர்களுக்குப் பயிற்சி தரும் இடம் ஆய்வகம். பணி ஓய்வுக்குப் பிறகு, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளின் ரெக்கார்டு நோட்டுகளைப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைக்கிறது. கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. நோக்கம், கருவிகள், செய்முறை எல்லாம் முந்தைய ஆண்டு மாணவரின் நோட்டிலிருந்து வரி பிசகாமல் இறங்கியவை. 'முடிவு' என்பதன்கீழ் மட்டும் ஒற்றை எண்.

நீரியல் ஆய்வகத்தில் 'வி' வடிவில் வெட்டிய தகட்டின் வழியே நீரைப் பாய்ச்சி அளக்கிறார்கள். வெட்டின் அடிமுனைக்கு மேல் நீரின் உயரம் இரு மடங்கானால், வெளியேறும் நீர் ஏறத்தாழ 5.7 மடங்காகும். எனவே உயரத்தை அளப்பதில் நேரும் 1 விழுக்காட்டுப் பிழை, நீரின் அளவில் 2.5 விழுக்காடாகப் பெருகும். 10 சென்டிமீட்டரில் 1 மில்லிமீட்டர் பிசகினாலே போதும். ஆனால், கால்குலேட்டர் காட்டிய எட்டுத் தசம இலக்கங்களையும் மாணவர் அப்படியே எழுதி வைக்கிறார். அளவுகோல் எவ்வளவு நுட்பமாக அளக்கும் என்பதை எழுதியிருந்தால், அவற்றில் பெரும்பாலானவை பொருளற்றவை என்று அவருக்கே விளங்கியிருக்கும்.

அச்சுகளில் அலகைக் குறிப்பதும், எந்த எண்ணிலிருந்து அளவு தொடங்குகிறது என்று சொல்வதும் அடிப்படை. (இதில் பொருளியலாளர்கள் அறிவுரை கூறுவது சற்றுக் கூச்சமானதுதான். விலையை நிலை அச்சில் வைக்கும் மார்ஷலின் வழக்கத்தை நூறாண்டுகளுக்கு மேலாகச் சுமப்பவர்கள் நாங்கள்.) இவற்றைவிடக் கவலை தருவது, கோட்டில் சேராத புள்ளியை அழிப்பான் கொண்டு நீக்கும் பழக்கம்.

1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் வெடித்து எழுவர் இறந்தனர். கடுங்குளிரில் ரப்பர் வளையங்கள் கைவிடும் என்று பொறியாளர்கள் முதல்நாள் இரவே அஞ்சினர். ஆனால், வெப்பநிலையோடு ஒப்பிட்டு அன்று பேசப்பட்டவை வளையம் பழுதான பயணங்கள் மட்டுமே. அவற்றில் எந்த ஒழுங்கும் தெரியவில்லை. பழுதில்லாத பயணங்களையும் பின்னர் விசாரணைக் குழு சேர்த்துப் பார்த்தது. ஏறத்தாழ 19 டிகிரி செல்சியசும் அதற்கு மேலும் இருந்தபோது நடந்த 20 பயணங்களில் 3-இல் மட்டுமே பழுது. அதற்கும் குளிரான 4 பயணங்களில் நான்கிலுமே பழுது. விட்டுவிட்ட புள்ளிகளில்தான் விடை இருந்தது.

நம் செய்முறைத் தேர்வுகளிலோ, பாடநூல் விடைக்கு எவ்வளவு நெருக்கம் என்பதற்கே பெரும்பாலும் மதிப்பெண். விலகிய புள்ளியை அப்படியே வைத்து, காரணம் என்னவாக இருக்கலாம் என்று இரண்டு வரி எழுதும் மாணவருக்கே கூடுதல் மதிப்பெண் தர வேண்டும். இன்னொன்றும் செய்யலாம், செலவில்லாதது. ஒரு குழுவின் அறிக்கையை மற்றொரு குழுவிடம் கொடுத்து, யாரையும் எதையும் கேட்காமல் அதே சோதனையைச் செய்யச் சொல்லலாம். அவர்கள் எங்கே திகைத்து நிற்கிறார்களோ, அங்கே எழுத வேண்டிய ஒரு வரி விடுபட்டிருக்கும்.